ஃபைபர் படகில் எக்கோ சவுண்டரும் வயர்லெஸ்ஸும்

தமிழகக் கரையில் கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துவிட்ட ஃபைபர் படகு ஏறத்தாழ 30 அடி நீளம் கொண்டது. கூரை கிடையாது, கருவிகளை வைக்க அறை கிடையாது, அலை அடித்தால் அணியம் முதல் அமரம் வரை நனையும். இந்தப் படகுக்கு வேண்டிய மின்னணுக் கருவிகள் மூன்று: இடம் காட்டும் ஜிபிஎஸ், ஆழத்தையும் மீனையும் காட்டும் எக்கோ சவுண்டர், பேசுவதற்கு விஎச்எஃப் வயர்லெஸ். முதல் இரண்டும் இப்போது ஒரே திரையில் சேர்ந்தே வருகின்றன. கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது திரை எத்தனை அங்குலம் என்று. கேட்க வேண்டியது, அது எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று.

கையால் சுற்றிக் கிளப்பும் லாங் டெயில் டீசல் என்ஜினில் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் இருக்காது. கயிறு இழுத்துக் கிளப்பும் சிறிய அவுட்போர்டு மோட்டார்கள் பலவும் அப்படித்தான். கரையில் சார்ஜ் போட்டுத் தூக்கிச் செல்லும் ஒரு 12 வோல்ட் பேட்டரிதான் இரவு முழுக்கத் தாங்க வேண்டும். 7 அங்குலத் திரை சுமார் 1 ஆம்பியர், பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் வயர்லெஸ் அரை ஆம்பியர், எல்இடி விளக்குகள் முக்கால் ஆம்பியர் என்று வைத்தால் மொத்தம் இரண்டேகால். மாலை 5 மணிக்கு இறங்கிக் காலை 5 மணிக்குக் கரையேறும் படகு 27 ஆம்பியர்-மணி செலவழிக்கும். சாதாரண ஈய அமில பேட்டரியைப் பாதிக்கும் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். ஆகவே 60 ஆம்பியர்-மணிக்குக் குறைந்தது உதவாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடை குறைவு, ஐந்தில் நான்கு பங்கு வரை இறக்கலாம். ஆனால் விலை அதிகம், சார்ஜரும் அதற்கென்றே வாங்க வேண்டும். 50 வாட் சோலார் பலகை நல்ல வெயில் நாளில் 14 ஆம்பியர்-மணி போலத் தரும். அதன்மேல் வலையைக் குவித்து வைத்தால் அதுவும் இல்லை.

செல்ஃப் ஸ்டார்ட் என்ஜின் உள்ள படகில் வேறொரு தொல்லை உண்டு. ஸ்டார்ட்டர் சுழலும் நொடியில் பேட்டரியின் வோல்டேஜ் சட்டென்று விழும். அதே பேட்டரியில் இருக்கும் சவுண்டர் அணைந்து மறுபடி எழும். கருவிகளுக்குத் தனி பேட்டரி வைப்பதே இதற்கு வழி.

கருவி பழுது என்று கடைக்கு வருபவற்றில் பல, உண்மையில் ஒயர் பழுது. மிகவும் பழகிய புகார் ஒன்று: வயர்லெஸ்ஸில் மற்றவர் பேசுவது நன்றாகக் கேட்கிறது, பேசுவதற்கு பட்டனை அழுத்தியதும் திரை மங்கி செட் அணைந்துவிடுகிறது. கேட்கும்போது அரை ஆம்பியர் இழுக்கும் செட், 25 வாட்டில் பேசும்போது 6 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரியிலிருந்து செட் 5 மீட்டர் தள்ளி இருந்தால், போகவும் வரவும் சேர்த்து ஒயரின் நீளம் 10 மீட்டர். வீட்டு விளக்குக்குப் போடும் 1 சதுர மி.மீ. ஒயரில் அந்தத் தூரத்தில் 6 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். பாதி இறங்கிய பேட்டரியில் இருப்பதே 12.2 வோல்ட், செட்டுக்குக் கிடைப்பது 11 வோல்ட். இத்தகைய செட்டுகள் பலவற்றுக்குக் குறைந்தது 11.7 வேண்டும். 4 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு 0.3 வோல்டுக்குள் அடங்கும். செட்டை மாற்றச் சொல்லும் முன் ஒயரை மாற்றிப் பார்ப்பது மலிவு.

ஒயரின் கனத்தைப் போலவே அதன் உலோகமும் முக்கியம். வெறும் செப்புக் கம்பிக்குள் உப்புநீர் மெல்ல ஏறி, மேலுறை புத்தம்புதிதாக இருக்க உள்ளே கம்பி கறுத்துப்போகும். வெள்ளீயம் பூசிய செப்பு ஒயர் பல ஆண்டு தாங்கும். ஒயரை முறுக்கி டேப் சுற்றும் இணைப்பைப் படகில் எங்குமே செய்யக் கூடாது. டேப் ஈரத்தைத் தடுக்காது, உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். கிரிம்ப் லக் போட்டு, உட்புறம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூட வேண்டும். முதன்மை ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது கருவியை மட்டும் அல்ல, ஒயரையும். பெட்ரோல் மோட்டாரும் எரிபொருள் கேனும் உள்ள படகில் சூடேறிய ஒயர் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பின் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி சுவிட்சும் சிறிய ஃபியூஸும்.

எக்கோ சவுண்டரின் திரையைவிட அதன் டிரான்ஸ்டியூசரே தீர்மானிக்கும் பொருள். அது அனுப்பும் ஒலி தரையில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்திலிருந்து ஆழம் கணக்கிடப்படுகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். 30 மீட்டர் ஆழத்துக்குப் போய்வர 0.04 நொடி. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி தெளிவான படம் தரும், ஆழத்தில் தளர்ந்துவிடும். 50 கிலோஹெர்ட்ஸ் ஆழம் போகும், படம் தடிப்பாக இருக்கும். பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாத பாக் நீரிணையில் தொழில் செய்பவருக்கு 200 போதும். கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் திட்டின் விளிம்புவரை தூண்டில் போடப் போகிறவருக்கு இரண்டும் வேண்டும். திரையில் தெரியும் மீன் படகுக்கு நேர் கீழேதான் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. ஒலி கூம்பாக விரிகிறது. 20 பாகை விரியும் டிரான்ஸ்டியூசர் 40 மீட்டர் ஆழத்தில் 14 மீட்டர் அகலமான வட்டத்தைப் பார்க்கும். அந்த வட்டத்துக்குள் மீன் எந்தப் பக்கம் என்று சாதாரண சவுண்டர் சொல்லாது.

டிரான்ஸ்டியூசரை எங்கே பொருத்துவது என்பதில் வெளிநாட்டுக் கையேடுகள் இங்கே பாதிதான் உதவும். அவை காட்டுவது படகின் பின்பலகையில், அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே, திருகால் பிடித்து வைப்பதை. சோழமண்டலக் கரையில் பல ஊர்களில் துறைமுகம் இல்லை. படகை மணலில் ஏற்றி இறக்குகிறார்கள், இழுக்க டிராக்டர் வருகிறது. பின்பலகையில் நீட்டிக்கொண்டிருப்பது அங்கே ஒரு வாரம் நிலைக்காது. மாற்று வழி இரண்டு. ஒன்று, கடலில் இறங்கியபின் பக்கவாட்டில் மாட்டிக் கரையேறும் முன் கழற்றும் குழாய். மற்றொன்று, டிரான்ஸ்டியூசரைப் படகின் உட்புற அடித்தட்டில் எபாக்ஸியால் ஒட்டிவிடுவது. ஒலி ஃபைபரைத் துளைத்துப் போகும். ஆனால் அந்த இடம் கெட்டி ஃபைபராக இருக்க வேண்டும். மிதப்புக்காக அடைத்த ஃபோமோ காற்றிடைவெளியோ இருந்தால் ஒலி அங்கேயே நின்றுவிடும், எபாக்ஸிக்குள் சிக்கிய குமிழியும் அப்படியே. ஒட்டும் முன் தண்ணீர் ஊற்றிய பாலித்தீன் பைக்குள் டிரான்ஸ்டியூசரை வைத்து அந்த இடத்தில் அழுத்தி, திரையில் ஆழம் வருகிறதா என்று மிதக்கும் படகில் பார்த்துவிடலாம். இப்படி ஒட்டியது நீரின் வெப்பநிலையைச் சொல்லாது, கூர்மையும் சற்றுக் குறையும். மணலில் ஏறும் படகுக்கு அந்த நட்டம் பரவாயில்லை. கூடவே வரும் கேபிள் நீளமாக இருக்கிறது என்று வெட்டிச் சுருக்கக் கூடாது. மிச்சத்தைச் சுருட்டிக் கட்டி, வயர்லெஸ் கேபிளிலிருந்தும் என்ஜின் ஒயரிலிருந்தும் விலக்கி வைக்க வேண்டும்.

ஜிபிஎஸ் வந்தபின், கரையிலுள்ள மலையையும் கோபுரத்தையும் ஒன்றோடொன்று நேர்படுத்தி, மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டான பாரைக் கண்டுபிடிக்கும் பழைய வித்தை மங்கிவருகிறது. பதிலாக எண்கள் வந்திருக்கின்றன, அவற்றில் ஒரு பொறியும் இருக்கிறது. ஹைதராபாத்திலுள்ள இன்கோயிஸ் நிறுவனம் கடல்மேற்பரப்பு வெப்பநிலையையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழியே பார்த்து, மீன் திரளக்கூடிய இடங்களை ஒவ்வொரு மீன் இறங்குதளத்திலிருந்தும் திசை, தூரம், ஆழத்தோடு அறிவிக்கிறது. அதில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பாகை, கலை, விகலையாக வரும். படகிலுள்ள கருவியோ பெரும்பாலும் பாகையும் பதின்ம எண்ணோடு கூடிய கலையுமாகக் காட்டும்படி வைக்கப்பட்டிருக்கும். 9° 30' 50" என்பதை 9° 30.50' என்று அடித்தால் சுமார் 600 மீட்டர் தள்ளிப்போய் நிற்க நேரும். சிறிய பாரைத் தவறவிட அது போதும். கருவியின் அமைப்பில் எண் வடிவத்தை ஒருமுறை மாற்றிவிட்டால் தீர்ந்தது. இலங்கையுடன் 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லைக்கு அருகில் தொழில் செய்பவர்கள் அந்தக் கோட்டையும் கருவியில் ஏற்றி, நெருங்கும்போது ஒலிக்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

விஎச்எஃப் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போவது. எட்டும் தூரத்தை வாட்டைவிட ஆன்டெனாவின் உயரம்தான் முடிவு செய்கிறது. 3 மீட்டர் உயர ஆன்டெனா உள்ள இரண்டு படகுகள் 7, 8 கடல் மைல் வரை பேசிக்கொள்ளும். கரையில் 50 மீட்டர் கோபுரம் இருந்தால் அதே படகு 20 கடல் மைலிலிருந்து கேட்கும். எனவே 5 வாட் கைக்கருவியைவிட, ஒரு கழி நட்டு அதன் உச்சியில் ஆன்டெனா வைத்த செட் மேல். ஆன்டெனா இணைக்காமல் பேசும் பட்டனை அழுத்தினால் செட்டின் உள்ளே எரிந்துபோகலாம். சேனல் 16 ஆபத்துக்கும் அழைப்புக்கும் உரியது. கூப்பிட்டவுடன் வேறு சேனலுக்கு நகர்ந்துவிட வேண்டும். செட் வைத்திருக்கத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் தேவை.

சிவப்பு பட்டன் உள்ள டிஎஸ்சி வகை செட் என்றால் ஜிபிஎஸ்ஸோடு இணைத்தே தீர வேண்டும். பட்டனை அழுத்தியதும் சேனல் 70-இல் ஆபத்துச் செய்தி போகும். சர்வதேசப் பயணத்திலுள்ள 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கக் கடமைப்பட்டவை. ஜிபிஎஸ் இணைக்காத செட் எங்கிருந்து கூப்பிடுகிறது என்பதைச் சொல்லாது. என்எம்இஏ 0183 முறையில் இதற்கு இரண்டு மெல்லிய ஒயர் போதும்: ஜிபிஎஸ்ஸின் அனுப்பும் முனை வயர்லெஸ்ஸின் வாங்கும் முனைக்கு, இரு பக்கமும் வேகம் 4800. அனுப்புவதை அனுப்புவதோடு சேர்ப்பதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிழை. உள்ளேயே ஜிபிஎஸ் உள்ள செட் வாங்கினால் இந்த வேலையே இல்லை. பல கருவிகளை ஒரே தண்டுக் கேபிளில் கோக்கும் என்எம்இஏ 2000 முறை பெரிய விசைப்படகுக்கு உரியது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் எழுந்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அவர்கள் விஎச்எஃப் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். அத்தகைய தூரத்துக்குச் செயற்கைக்கோள் கருவிதான் வழி. இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவியான டாட்டின் இரண்டாம் தலைமுறை, செய்தி கிடைத்தது என்ற பதிலையும் படகுக்குத் திருப்பி அனுப்பும். 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் ஒன்றிய அரசின் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. சொந்தமாக வாங்கும் முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் துரையா போன்ற செயற்கைக்கோள் தொலைபேசியை அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம்.

பொருத்தி முடித்தவரிடம் பணம் கொடுக்கும் முன் படகைத் தண்ணீரில் இறக்கிச் சோதிக்க வேண்டும். வயர்லெஸ்ஸில் பேசும்போதே அதன் மின்முனையில் மீட்டர் வைத்தால் 12 வோல்டுக்கு அருகில் நிற்க வேண்டும். குண்டு கட்டிய கயிற்றில் அளந்த பாகக் கணக்கும் சவுண்டர் காட்டும் ஆழமும் ஒத்துப்போக வேண்டும். ஒரு பாகம் 1.8 மீட்டர் போல. எல்இடி விளக்கைப் போட்டதும் வயர்லெஸ்ஸில் இரைச்சல் கூடினால் விளக்கின் மலிவு டிரைவரை மாற்றச் சொல்லலாம். வயர்லெஸ்ஸின் ஒலிபெருக்கியைத் திசைகாட்டியின் பக்கம் வைத்திருந்தால் அதன் காந்தம் முள்ளை இழுக்கும். ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். கரையேறியதும் திரையைக் கழற்றி நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து வீட்டுக்கு எடுத்துப்போகலாம். படகில் மிஞ்சும் பிளக்குகளுக்கு மூடியும், பேட்டரி முனைகளுக்கு வாஸ்லினும், ஈரம் புகாத டப்பாவில் நான்கைந்து மாற்று ஃபியூஸும் போதும்.