அடுப்பு ஒன்று, தராசு இரண்டு

ராசிபுரத்தை அடுத்த ஒரு கிராமத்தில், பள்ளி விடுமுறையான சனிக்கிழமைக் காலையொன்றில், எண்ணெய் தேய்த்து முக்காலியில் உட்கார வைத்த தன் 13 வயது மகனின் பிடரியை, சீயக்காயும் தேங்காய் நாருமாக ஒரு தாய் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். கழுத்தைச் சுற்றி வளையமிட்டாற்போல் படிந்திருந்த கருமை எத்தனை தேய்த்தும் போகாததைப் பார்த்து, "ஒழுங்காத் தேச்சுக் குளிச்சாத்தானே கண்ணு, அழுக்கு எப்படி ஏறிக் கெடக்குது பாரு" என்று அந்த அம்மாள் அங்கலாய்க்க, பையன் ஒரு வார்த்தையும் பேசாமல் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான்.

அவன் கழுத்திலிருந்தது அழுக்கே அல்ல. நாம் உண்ணும் மாவுப்பொருள் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கும்போது, அதனைத் தசைகளுக்குள் சேர்ப்பிக்கும் பணியைச் செய்வது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு மிகுந்துவிட்ட சரீரத்திலோ, தசையும் ஈரலும் அதன் கட்டளைக்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லையாதலால், கணையம் மேலும் மேலும் அதைச் சுரந்து ஈடுகட்டப் பிரயத்தனம் செய்கிறது. அவ்வாறு மிகுந்துபோன இன்சுலின் தோலின் உயிரணுக்களைத் தூண்டிப் பெருகச் செய்வதால்தான் பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட்டுப் போன்ற தடிப்பும் கருமையும் உண்டாகின்றன. நாரினால் தேய்த்தால் தோல் புண்ணாகுமேயன்றிக் கருமை போகாது. உள்ளே கொழுப்புக் குறைந்தால் அது தானாகவே மெல்ல மங்கும்.

அந்த வீட்டில் மெலிய வேண்டியவன் பையன் மட்டுமல்லன். லாரி வைத்து நடத்தும் அவனுடைய தகப்பனார், இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பதாக மருத்துவர் எச்சரித்த நாள்முதல், இரவுச் சோற்றை நிறுத்தி, விடியற்காலையில் ஏரிக்கரையில் நடந்து, ஐந்து கிலோவுக்கு மேல் குறைந்திருந்தார். தமக்குக் கிட்டிய நன்மை மகனுக்கும் கிட்ட வேண்டுமென்ற ஆசையினால், திண்ணையில் எடை பார்க்கும் கருவியை வைத்து, நாள்தோறும் தாம் ஏறி இறங்கியபின் "ஏறு சாமி" என்று மகனையும் ஏற்றி, வந்தவர் போனவர் காதில் விழும்படி எண்ணை உரக்கப் படித்துவந்தார். அவருடைய அன்பில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. ஆனால் தகப்பனுக்குச் செய்யும் சிகிச்சையையே மகனுக்கும் செய்வது சாஸ்திர சம்மதமானதா என்பதே கேள்வி.

இது அந்த ஒரு வீட்டின் கதையன்று. 15 முதல் 49 வயதுவரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் அளவுக்கு மிஞ்சிய எடையுடையோர் 2015-16-இல் நூற்றுக்கு 30.9 ஆக இருந்து, 2019-21-இல் 40.4 ஆக உயர்ந்ததாகவும், ஆண்களில் அத்தொகை 28.2-லிருந்து 37 ஆனதாகவும் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. பெற்றோர் இவ்வாறிருக்கப் பிள்ளைகள் மட்டும் வேறாக இருத்தல் எங்ஙனம்? தவிர, நம்மவர் தேகத்துக்கு ஒரு விசேஷமும் உண்டு. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்து நண்பர் யுட்கினும் 2004-இல் தம் உடல்களையே அளந்து வெளியிட்டனர்: இருவருக்கும் பி.எம்.ஐ. எனப்படும் உடல்நிறைக் குறியீட்டெண் 22.3 தான், யுட்கினின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்கின் உடலிலோ 21.2. பார்வைக்குப் 'பூசினாற்போல' இருக்கிறான் என்று பாட்டிமார் மகிழும் பிள்ளையின் உள்ளே என்ன நிகழ்கிறதென்பதை இந்த இரண்டு எண்கள் உணர்த்துகின்றன.

இனி, தகப்பன் சரீரத்துக்கும் மகன் சரீரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்போம். வளர்ச்சி நின்றுபோன நாற்பது வயதுக்காரர் மெலிய வேண்டுமானால் எடை குறைந்தே தீர வேண்டும். வளரும் பிராயத்துப் பிள்ளைக்கோ இயற்கையே ஒரு சலுகை தந்திருக்கிறது. 150 சென்டிமீட்டர் உயரமும் 60 கிலோ எடையுமுள்ள பையனின் குறியீட்டெண் 26.7, எடை ஒரு கிலோகூடக் குறையாமல் அப்படியே நிற்க, அவன் 160 சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டால் அவ்வெண் 23.4 ஆகிவிடுகிறது. ஆகையால் அளவோடு பருத்த பல பிள்ளைகளுக்கு எடையை ஏறவிடாமல் நிறுத்தினாலே போதும், உயரம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். எலும்பும் தசையும் விருத்தியாகும் இந்தக் காலத்தில் பட்டினியும், ஒருவேளைச் சாப்பாடும், விளம்பரத்து மெலிவு மாவுகளும் கேடு செய்யும். மிகவும் பருத்துவிட்ட பிள்ளையையும், பருமனோடு உயரம் வளராமல் நின்றுபோன பிள்ளையையும் மருத்துவரிடம் தவறாமல் காட்ட வேண்டும். பின்னதில் சுரப்பிக் கோளாறு மறைந்திருக்கக் கூடும்.

அப்படியானால் தகப்பனார் தம் வழியே போக, மகனை அவன் வழியே விட்டுவிடலாமா என்றால், அதுவும் கூடாது. அமெரிக்காவில் லெனார்ட் எப்ஸ்டீன் என்ற ஆராய்ச்சியாளர், 6 முதல் 12 வயதுவரையுள்ள பருத்த சிறுவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் மூன்று பிரிவாக்கிப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1990-இல் முடிவை வெளியிட்டார். உணவும் உடற்பயிற்சியும் எல்லோருக்கும் ஒரேவிதமாகவே கற்பிக்கப்பட்டன. பெற்றோர், பிள்ளை இருவரின் முயற்சியையும் ஊக்குவித்த பிரிவில் மட்டும் பிள்ளைகளின் மிகை எடை விகிதம் பத்தாண்டு கழித்து 7.5 புள்ளி இறங்கியிருந்தது. பிள்ளையை மட்டும் ஊக்குவித்த பிரிவில் 4.5 ஏறியிருந்தது, இவ்விரண்டுமில்லாத பிரிவில் 14.3 ஏறியிருந்தது.

ஆனால் பதின்ம வயது வந்ததும் ஒரு திருப்பம் நேர்கிறது. கெல்லி பிரவுனல் என்பவரும் அவருடைய சகாக்களும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 16 வயதுவரையுள்ள 42 பேரில் சிலரைத் தாயோடு ஒரே கூட்டத்தில் அமர்த்தினர்; சிலரைத் தனியே வரச்செய்தனர்; இன்னும் சிலருக்குத் தாய்க்கு ஓரிடத்திலும் பிள்ளைக்கு வேறிடத்திலுமாக வகுப்பு நடத்தினர். மிகுதியாக மெலிந்தவர்கள் இந்தக் கடைசிப் பிரிவினரே: சராசரி 8.4 கிலோ, மற்ற இரு பிரிவிலும் முறையே 5.3, 3.3. சிறிய ஆய்வுதான். ஆயினும் பதின்ம வயதுப் பிள்ளையை வளர்த்தவர் எவரும் இதைக் கேட்டு ஆச்சரியப்படமாட்டார். தாய் தன்னோடு மாறுகிறாள் என்ற ஆதரவும் அந்த வயதுக்கு வேண்டும். தன் உடலைப் பற்றித் தாய் முன்னிலையில் பேசவேண்டியதில்லை என்ற கண்ணியமும் வேண்டும்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது. எடையைப் பற்றிப் பெற்றோர் பேசும் வீடுகளில் பிள்ளைகள் பட்டினி கிடப்பதும், வரம்பின்றி உண்பதுமான கோளாறுகள் அதிகம் காணப்பட்டன. நல்ல ஆகாரத்தைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் அவை குறைவு. 'குண்டா' என்று செல்லமாக அழைப்பதையும், தாம் மெலிந்த கதையைப் பெருமையாக விரிப்பதையும் பெற்றோர் நிறுத்துவது, எந்தப் பத்தியத்துக்கும் முந்திய பத்தியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

சமையலறையில் செய்யவேண்டியது வீட்டார் அனைவருக்கும் பொது. நமது சேலம், நாமக்கல் சமவெளியில் குச்சிக்கிழங்கு ஏக்கர் ஏக்கராக விளைகிறது. 1940-களில் இங்கே வேரூன்றிய ஜவ்வரிசித் தொழில் எத்தனையோ குடும்பங்களை வாழவைத்தது. அந்த நன்றியை மறவாமலே சொல்கிறேன்: ஜவ்வரிசி ஏறக்குறைய முழுவதும் மாவுப்பொருளே, மாலை தவறாத கிழங்கு சிப்ஸும் வடகமும் பாயசமும் பருத்த பிள்ளைக்கு ஆகா. அதே மண்ணில் நாள்தோறும் கோடிக்கணக்கில் கிடைக்கும் முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதமும் 70 கலோரியுமே உள்ளன. காலையில் நான்கு தோசை தின்பவன் இரண்டு தோசையும் இரண்டு அவித்த முட்டையும் தின்றால் பதினொரு மணிப் பசி அவனை அலைக்கழிக்காது. கொல்லிமலைச் சாமையும், கொள்ளுப் பருப்பும், கீரைக் கடையலும் தகப்பனுக்கென்று தனிச் சட்டியில் வேகாமல் எல்லோர் தட்டிலும் விழட்டும். சாயங்காலத் தட்டுவடை செட்டை வேரோடு விலக்க வேண்டியதில்லை. தினசரி வழக்கமாயிருந்ததை வாரத்தில் ஒரு நாள் குடும்பமாகப் போய் உண்ணும் சந்தோஷமாக மாற்றினால் போதும்.

நித்திரையைப் பற்றி நம் ஊரில் எவரும் நினைப்பதேயில்லை. இரவு பதினொன்று வரை டியூஷனும் படிப்பும், விடியல் ஐந்துக்கே எழுப்பிவிட்டு மறுபடியும் படிப்பும் என்று மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளை நடத்தும் இந்த வட்டாரத்தில், பதின்ம வயதுக்கு எட்டு முதல் பத்து மணிநேர உறக்கம் அவசியமென்று சொன்னால் சிரிக்கிறார்கள். உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் மிகுந்து, போதுமென்ற உணர்வைத் தரும் லெப்டின் குன்றுவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார ஸ்தாபனம் விதிக்கும் தினசரி ஒரு மணிநேர ஓட்டமும் ஆட்டமும், விளையாட்டு வகுப்பைக் கணக்கு வகுப்பாக்கிவிடும் பள்ளியில் எப்படிக் கிட்டும்? இவற்றுக்கெல்லாம் பிள்ளையைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமையில்லை.

சில மாதங்கள் கழித்து அந்த வீட்டுக்கு மறுபடியும் போயிருந்தேன். எடைக் கருவி திண்ணையிலில்லை. தகப்பனாரின் அறைக்குள் கட்டிலடியில் கிடந்தது. மருத்துவமனையில் தனியே உள்ளே போய் மருத்துவரிடம் பேசிவிட்டு வருவதாகப் பையனே கேட்டுக்கொண்டானாம். பந்து மட்டையும் வியர்வையுமாக வந்தவன், தகப்பன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரே குண்டாவிலிருந்து எடுத்த ராகிக் களியைப் பிட்டுக் கீரையில் தோய்த்துத் தின்னத் தொடங்கினான். கழுத்தைப் பற்றியோ எடையைப் பற்றியோ ஒன்றும் கேளாமல், "இன்னைக்கு ஆட்டத்துல யாரு செயிச்சது சாமி?" என்று மட்டும் அவர் கேட்டார்.