ஜெர்மனியில் தரவு அறிவியல் முதுநிலைப் படிப்பு: விண்ணப்ப ஆவணங்கள் சொல்ல வேண்டியது என்ன?

ஜெர்மனியில் பயிலும் வெளிநாட்டு மாணவர்களில் இன்று முதலிடத்தில் இருப்பவர்கள் இந்தியர்கள். 2023-24 குளிர்காலப் பருவத்தில் அவர்களின் எண்ணிக்கை 49 ஆயிரத்தைத் தாண்டியது. தமிழகத்தின் பொறியியல் கல்லூரிகளில் இருந்தும், இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இருந்தும் செல்லும் பலரின் விருப்பப் பாடமாகத் தரவு அறிவியல் உள்ளது. ஆனால் நல்ல மதிப்பெண் பெற்றவர்களின் விண்ணப்பங்களும் நிராகரிக்கப்படுவது உண்டு. தகுதிக் குறைவு மட்டுமல்ல, அந்தத் தகுதியை ஆவணங்கள் சரிவரக் காட்டாததும் இதற்கு ஒரு காரணம்.

சான்றிதழ் உண்மையானதா?

இந்தியாவில் பட்டம் பெற்றவர்கள் ஜெர்மன் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, ஏ.பி.எஸ். எனப்படும் கல்விச் சான்று ஆய்வு மையத்தின் சான்றிதழை இணைக்க வேண்டும் என்ற விதி 2022 நவம்பர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இத்தகைய மையம் முதலில் 2001இல் பெய்ஜிங்கில் தொடங்கப்பட்டது. போலிச் சான்றிதழ்களைத் தடுப்பதே அதன் முதன்மை நோக்கம். புதுடில்லியில் இயங்கும் இந்திய மையம் 18 ஆயிரம் ரூபாய் கட்டணம் பெற்று, பள்ளிச் சான்றிதழ் முதல் பட்டச் சான்றிதழ் வரை சரிபார்க்கிறது.

இதற்குச் சில வாரங்கள் ஆகலாம். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்துடனேயே இச்சான்றிதழைக் கேட்பதால், இறுதி நாள் நெருங்கும்போது இதற்கு விண்ணப்பிப்பவர்கள் ஓராண்டையே இழக்க நேரிடலாம். இலங்கையில் பட்டம் பெற்றவர்களுக்கு இந்த நடைமுறை இல்லை. எனினும் மற்ற ஆவணங்கள் குறித்துக் கீழே கூறப்படுபவை அவர்களுக்கும் பொருந்தும்.

மதிப்பெண் பட்டியலின் பின்பக்கம்

ஜெர்மனியில் 1.0 என்பதே மிகச் சிறந்த மதிப்பு. தேர்ச்சிக்கான கடைசி எல்லை 4.0. வெளிநாட்டு மதிப்பெண்களை இந்த அளவுக்கு மாற்ற, திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரம் என்ற கணக்கு பரவலாகப் பயன்படுகிறது. அதிகபட்ச மதிப்பில் இருந்து மாணவர் பெற்றதைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கான குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும்.

பத்துக்கு 8 பெற்ற ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். அவரது பல்கலைக்கழகத்தில் தேர்ச்சிக்கான குறைந்தபட்சம் 4 என்றால் அவரது ஜெர்மன் மதிப்பு 2.0. அது 5 என்றால் 2.2. அதுவே 6 என்றால் 2.5. மாணவர் ஒருவரே, உழைப்பும் ஒன்றே. ஆனால் குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழே இறங்கியவர்களை ஏற்காத ஒரு துறையில் இந்தச் சிறு வேறுபாடு கதவைத் திறக்கவோ மூடவோ செய்யும்.

அந்தக் குறைந்தபட்ச மதிப்பு பெரும்பாலும் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில்தான் அச்சிடப்பட்டிருக்கும். முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்புவது பலரும் செய்யும் தவறு. பின்பக்கத்தில் அது இல்லையெனில், பல்கலைக்கழகத் தேர்வுத் துறையிடம் அதைக் குறிப்பிடும் கடிதம் ஒன்றைப் பெற்று இணைப்பது நல்லது.

பாடத்தின் பெயர் போதாது

தரவு அறிவியல் புள்ளியியலுக்கும் கணினி அறிவியலுக்கும் இடையில் பிறந்த துறை. மியூனிக்கின் லுட்விக் மாக்ஸிமிலியன் பல்கலைக்கழகம் 2016இல் தொடங்கிய முதுநிலைப் படிப்பை இவ்விரு துறைகளும் சேர்ந்தே நடத்துகின்றன. டார்ட்மண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பு புள்ளியியல் துறையைச் சார்ந்தது. ஆகவே நிரல் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. நேரியல் இயற்கணிதம், நுண்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல் ஆகியவற்றை இளநிலையில் எந்த அளவுக்குப் படித்தார் என்பதைத் தேர்வுக் குழு பார்க்கும்.

இங்குதான் ஒரு சிக்கல் எழுகிறது. தமிழகத்தில் பலரின் மதிப்பெண் பட்டியலில் 'பொறியியல் கணிதம் 2' என்று மட்டுமே இருக்கும். அதற்குள் என்ன கற்பிக்கப்பட்டது என்பது ஜெர்மன் பேராசிரியருக்குத் தெரியாது. எனவே பாடத்திட்டத்தின் உரிய பக்கங்களைத் தொகுத்து, ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே உள்ளடக்கத்தையும் மணிநேரத்தையும் காட்டும் அட்டவணை ஒன்றைத் தயாரிப்பது பயன் தரும்.

கிரெடிட் கணக்கும் வேறு. இந்தியாவில் வாரத்துக்கு ஒரு மணிநேர வகுப்பு ஒரு கிரெடிட். ஐரோப்பாவிலோ வீட்டில் படிக்கும் நேரமும் சேர்த்து எண்ணப்படுகிறது. அங்கு ஓராண்டுக்கு 60, நான்கு ஆண்டுகளுக்கு 240. இந்தியாவில் 160 கிரெடிட் கொண்ட நான்காண்டுப் பட்டத்தில் 4 கிரெடிட் பெற்ற பாடம், விகிதப்படி ஐரோப்பியக் கணக்கில் 6 ஆகும். இறுதி முடிவு பல்கலைக்கழகத்துடையது என்றாலும், மாற்றாமல் அனுப்புபவர் தன் படிப்பைத் தானே குறைத்துக் காட்டியவர் ஆகிறார்.

கடிதமும் கட்டணமும்

ஜெர்மனியில் தன்விவரக் குறிப்பு அலங்காரமின்றி, ஆண்டு வாரியாக, இடைவெளி விடாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. பட்டத்துக்குப் பின் ஓராண்டு வேலையின்றி இருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது மேல். நோக்கக் கடிதத்தில் சிறுவயதுக் கனவுகளுக்கு மதிப்பு குறைவு. அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடம், தாம் முன்பு செய்த எந்தப் பணியின் தொடர்ச்சியாக வேண்டும் என்பதே கேள்வி. கல்வி ஆலோசனை நிறுவனங்கள் தரும் அச்சு வார்ப்புக் கடிதங்கள் இதற்குப் பதில் தருவதில்லை.

பல பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களை பெர்லினில் உள்ள யூனி அசிஸ்ட் அமைப்பு முதலில் ஆராய்கிறது. ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும், அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 30 யூரோவும் கட்டணம். விசாவுக்காக முடக்கக் கணக்கில் வைக்க வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது.

கல்விக் கட்டணமே இல்லாத நாடு என்ற எண்ணத்துக்கும் விதிவிலக்குகள் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதலும், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருவோரிடம் கட்டணம் பெறத் தொடங்கின.

விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திடமே எழுத்து மூலம் மறுபரிசீலனை கோரும் வாய்ப்பு 2025 ஜூலை 1ஆம் தேதியுடன் நீக்கப்பட்டுவிட்டது. இனி புதிதாக விண்ணப்பிப்பது அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தை நாடுவது என்ற இரு வழிகளே உள்ளன. வங்கிக் கடனையும் நகை அடகையும் நம்பிப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்களுக்கு இரண்டுமே எளிதானவை அல்ல. ஆகவே முதல் முறையே ஆவணங்களை முழுமையாக அளிப்பது முன்னெப்போதையும் விட முக்கியமாகியுள்ளது. பாடத்திட்டத்தைத் திரட்டுதல், தேர்வுத் துறைக் கடிதம், ஏ.பி.எஸ். விண்ணப்பம் ஆகிய மூன்றையும், படிப்பு தொடங்குவதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே ஆரம்பிப்பவர்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கும்.