மீனுக்கு மருந்து, நத்தைக்கு எமன்!

சென்னை,

கொளத்தூர் பக்கம் போனால் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மீன் வாங்கப் போகிறவர்கள் கையில் இன்னொரு ஜீவனும் சேர்ந்து வருகிறது. அதுதான் ஆப்பிள் நத்தை!

மஞ்சள், ஊதா, நீலம் என்று பல நிறம். கண்ணாடியில் ஒட்டிக் கொண்டு பாசியை மேயும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் கடைக்கு ஓடுகிறார்கள். நத்தை படுத்துக் கொண்டால் மட்டும் "செத்துப் போச்சு" என்று குப்பையில் போட்டு விடுகிறார்கள். இப்படி உயிரோடு குப்பைக்குப் போகிற நத்தைகளும் உண்டு. பரிதாபம்!

முகர்ந்து பாருங்கள்

நத்தை இரண்டு நாள் அசையாமல் கிடக்கும். ஓட்டுக்குள் காற்று சேர்ந்து மேலே மிதக்கும். இரண்டுமே சாவு அல்ல. கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆப்பிள் நத்தையின் ஓட்டு வாசலில் ஒரு கதவு உண்டு. அது இறுகச் சாத்தியிருந்தால் ஆசாமி உள்ளே சவுக்கியம். கதவு தொளதொளவென்று ஆடி, தொட்டாலும் சதையை உள்ளே இழுத்துக் கொள்ளவில்லை என்றால்தான் சந்தேகம். முகர்ந்து பார்த்தால் தெரிந்து விடும். செத்த நத்தையின் நாற்றம் வீட்டையே தூக்கும்!

அப்படி என்றால் உடனே வெளியே எடுத்து விட வேண்டும். விட்டு வைத்தால் தண்ணீர் கெட்டு மீன்களும் ஒவ்வொன்றாகச் சாகும். சந்தேகம் தீரவில்லையா? தொட்டித் தண்ணீரையே கொஞ்சம் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, நத்தையை அதில் ஒரு நாள் தனியாக வைத்துப் பார்க்கலாம்.

மயில்துத்தம்

நத்தைகள் கூண்டோடு சாவதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வரும். மருந்து வாங்கி வந்து தொட்டியில் ஊற்றுவார்கள். மீன் பிழைத்துக் கொள்ளும். மறுநாள் நத்தை காலி!

இந்த மருந்துகளில் சிலவற்றில் தாமிரம் இருக்கிறது. தாமிரம் நத்தைக்கு விஷம். எகிப்து நாட்டில் நோய் பரப்பும் நத்தைகளை ஒழிப்பதற்கென்றே வாய்க்கால்களில் மயில்துத்தம் கலந்தார்கள். மயில்துத்தம் என்பது தாமிர உப்புதான். ஒழிக்கப் பயன்பட்ட சரக்கை, வளர்க்கிற தொட்டியில் நாமே ஊற்றலாமா?

சிலர் மருந்துக்குப் பதில் கல்லுப்பு போடுவார்கள். அதுவும் நத்தைக்கு ஆகாது. எந்த வைத்தியமானாலும் மீனை வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே செய்ய வேண்டும். மருந்து சீட்டைப் படிக்காமல் ஊற்றவே கூடாது.

கேன் தண்ணீர்

அடுத்த வில்லன் யாரும் எதிர்பாராத ஆள். வீட்டில் குடிக்கிற கேன் தண்ணீர்! "சுத்தமான தண்ணி, நத்தைக்கு நல்லது" என்று நினைத்து ஊற்றுகிறார்கள். அதில் சுண்ணாம்புச் சத்தைப் பெரும்பாலும் வடித்து எடுத்து விடுகிறார்கள். நத்தையின் ஓடோ முழுக்கச் சுண்ணாம்பு. தண்ணீரில் சத்து இல்லாமல் புளிப்புத் தன்மையும் ஏறினால் ஓடு கரைய ஆரம்பிக்கும். உச்சி வெளுத்து, பொடிப் பொடியாகக் குழி விழும்.

அதற்கு, பக்கெட்டில் வெள்ளையாய்ப் படிகிறதே என்று நாம் திட்டுகிற போர் தண்ணீரே மேல். (வாயில் வைத்தால் கரிக்கிற கடலோரத் தண்ணீர் வேண்டாம்). குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து ஊற்ற வேண்டும்.

ஓட்டுக்கு வைத்தியம் நாட்டு மருந்துக் கடையில் இருக்கிறது. கடல் நுரை! கணவாய் மீனின் ஓடுதான் அது. கிளிக்கூண்டில் தொங்க விடுவார்களே, அதேதான். ஒரு துண்டைக் கொதிக்க வைத்து ஆற்றிப் போட்டால் அடியில் தங்கும். முட்டை ஓட்டைக் கழுவி, வேக வைத்து, காய வைத்துப் பொடித்தும் போடலாம். கூடவே பசலைக்கீரை, சுரைக்காய் என்று லேசாக வெந்த காய் கொடுக்கலாம். பூச்சி மருந்து போக நன்றாகக் கழுவுவது முக்கியம்.

கரைந்து போன இடம் பழையபடி ஆகாது. புதிதாக வளர்கிற விளிம்பு வழவழப்பாக வந்தால் வைத்தியம் பலித்தது என்று வைத்துக் கொள்ளலாம்.

புதுக் கண்!

ஆப்பிள் நத்தை முட்டையிடத் தண்ணீருக்கு மேலே ஏறும். தொட்டிக்கு மூடி இல்லை என்றால் வெளியே விழுந்து ஓடு விரியும். சின்ன விரிசல் என்றால் பயம் இல்லை. உள்பக்கத்திலிருந்து நத்தையே பூசி அடைத்துக் கொள்ளும். கண்ணாடியில் ஒட்டி இருக்கும்போது வெடுக்கென்று பிடுங்குவதுதான் ஆபத்து. ஓட்டோடு சதை பிய்ந்து விடும்.

சில மீன்கள் நத்தையின் கொம்பைக் கடித்து விடும். கொம்பு மறுபடி முளைக்கும். கண்ணே முளைக்கும் என்றால் நம்புவீர்களா? ஆப்பிள் நத்தை இனம் ஒன்றின் கண்ணை எடுத்து விட்டு அமெரிக்க விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். ஒரு மாதத்தில் புதுக் கண் வந்து விட்டது! 2025-ல் வெளியான சேதி இது. அதற்காகக் கடிக்கிற மீனோடு விட்டு வைக்க வேண்டாம்.

எல்லாம் செய்தும் சில நத்தைகள் போய்விடும். அதன் ஆயுளே ஒன்று, இரண்டு வருடம்தான். குழந்தைகளிடம் இதை முதலிலேயே சொல்லி விடுவது நல்லது.

ஏரியில் விடாதீர்கள்

பெருகிப் போன நத்தைகளை "பாவம், எங்காவது பிழைக்கட்டும்" என்று ரெட்டேரியிலோ கால்வாயிலோ விடுவது கூடாது. இதன் பங்காளியான தங்க ஆப்பிள் நத்தையை 1980 வாக்கில் தின்பதற்கென்று தென் அமெரிக்காவிலிருந்து தைவானுக்குக் கொண்டு போனார்கள். பிறகு பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று பல நாடுகளில் அது வயலில் இறங்கி இளநாற்றை மேய்ந்து தீர்த்தது.

தண்ணீருக்கு மேலே கண்ணாடியில் கொத்தாக ஒட்டியிருக்கும் முட்டையைக் கண்டவுடன் சுரண்டி எடுத்து, பையில் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்துக் குப்பையில் போட்டால் தீர்ந்தது. பிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.