பொடியை மறைக்காதீர்கள், ஹவில்தார் சார்

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஆலை வாசல்களிலும் துறைமுகக் கதவுகளிலும் காவலுக்கு நிற்கிறவர்களில் முன்னாள் ராணுவத்தினர் நிறையப் பேர். மருத்துவராக நான் அவர்களிடம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முட்டிவலிக்கு யாரோ கொடுத்த பொடியை மாதக்கணக்கில் சாப்பிட்டு, முகம் உப்பி, சர்க்கரை ஏறி, கால் புண் ஆறாத நிலையில் வருகிறார்கள். "வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீங்களா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்று நிமிர்ந்து பதில் சொல்வார்கள். கூட வந்த மனைவிதான் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசையில் வைப்பார். அதன் மேல் பெயர்கூட இருக்காது.

எம்.ஐ. ரூம் காலத்துப் பழக்கம்

பணியில் இருக்கும்போது வலியைச் சொன்னால் சிக் ரிப்போர்ட். அது நீண்டால் லோ மெடிக்கல் கேட்டகரி, அதாவது உடல்தகுதி குறைந்தவர் என்ற முத்திரை. பதவி உயர்வில் அடி விழும். அதனால் எம்.ஐ. ரூம் எனும் முகாம் மருத்துவ அறைப் பக்கம் போகாமல், பாரக்கிலேயே தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் பரேடில் நின்றவர்கள் இவர்கள். நாற்பது வயதை ஒட்டி ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகும், பன்னிரண்டு மணி நேரக் காவல் வேலையில், அதே மௌனம் தொடர்கிறது. வலியைச் சொன்னால் இந்த வேலையும் போய்விடுமோ என்ற பயம் வேறு.

முன்னாள் ராணுவத்தினருக்காக 2003-இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் இவர்களுக்கு மருந்து இலவசம். ஆனால் ராணுவ மருத்துவமனை இருப்பது பரங்கிமலைப் பக்கம். எண்ணூரிலிருந்து நகரத்தையே கடந்து போக வேண்டும். ஒரு நாள் சம்பளம் போகும். பழைய பட்டாலியன் நண்பர் வாட்ஸ்அப்பில் சொல்லும் பொடியோ கூரியரில் வீட்டுக்கே வருகிறது. பனியில் பக்கத்தில் படுத்து உயிரைக் காத்த நண்பர் சொன்னால் நம்பாமல் இருப்பார்களா? அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நண்பருக்கும் பொடிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது.

"இயற்கைதானே சார், என்ன செய்யும்?"

நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். எருக்கம்பாலும் இயற்கைதான், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

பல வருட வலி மூன்றே நாளில் பறந்துபோனால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். பெயரில்லாத வலிப் பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலப்பது மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் மோசடி. பசி எடுக்கும், தெம்பு வரும், முகம் 'பூசினாற்போல' ஆகும். வீட்டில் எல்லோரும் உடம்பு தேறிவிட்டது என்பார்கள். உள்ளே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு மெலியும். பயந்துபோய்ப் பொடியைத் திடீரென நிறுத்துவது அதைவிட ஆபத்து. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை ஏற்கெனவே குறைத்திருக்கும். வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால்தான் மறைக்காதீர்கள் என்று மன்றாடுகிறேன். தெரிந்தால் படிப்படியாகக் குறைத்துக் காப்பாற்றலாம்.

"பஸ்பம், செந்தூரம் எல்லாம் தாத்தா காலத்து மருந்து" என்பார்கள். முறைப்படி செய்ததா என்பதை யார் பார்த்தது? 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது, 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. லேபிள் ஒட்டி விற்ற சரக்கின் நிலையே இது.

"மிலிட்டரி கேன்டீனில் கிடைக்கிறதே!" என்பது இன்னொரு வாதம். ஆய்வகச் சோதனையில் தேறவில்லை என்று ஒரு பிரபல நிறுவனத்தின் நெல்லிக்காய்ச் சாற்றின் விற்பனையை 2017-இல் அதே கேன்டீன்களுக்குச் சரக்கு அனுப்பும் சி.எஸ்.டி.தான் நிறுத்தி வைத்தது. கேன்டீன் அலமாரி மருத்துவச் சான்றிதழ் அல்ல.

எனக்குக் கோபமே வருவது அடுத்த பேச்சில்தான்: "சர்க்கரை மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும், அதான் நிறுத்திட்டு ஆவாரம்பூ குடிக்கிறேன்." கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரை. ஆவாரம்பூவைக் குடிக்க ஆசையா, முதலில் என்னிடம் சொல்லுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். இன்சுலினைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கஷாயத்தை நம்பியவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருவதைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

இருமலுக்கு அதிமதுரம் தினமும் மெல்லுகிறவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறலாம், பொட்டாசியம் இறங்கலாம். தூக்கம் வராமல் அமுக்கராவும், அதன் மேல் தூக்க மாத்திரையும், இரவில் ரம்மும் சேர்ப்பவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. தூக்கம் கெட்டதற்கு எல்லையில் பார்த்தவை காரணமாக இருக்கலாம். அதற்கு மனநல மருத்துவரைப் பார்ப்பது கோழைத்தனம் இல்லை.

செங்கல் ஒத்தடமும் இறுக்கிய கட்டும்

குதிகால் வலிக்குச் சூடான செங்கல் மேல் எருக்கிலை வைத்து மிதிப்பது நம் பக்கத்துக் கைவைத்தியம். உணர்ச்சி நன்றாக உள்ள காலுக்குச் சுட்டால் தெரியும். சர்க்கரையால் மரத்த பாதத்துக்கோ, பனிக்கடி பட்டு உணர்விழந்த விரலுக்கோ தெரியாது. சதை வெந்த பிறகு நாற்றம் வந்துதான் வீட்டார் பார்க்கிறார்கள். விரலோடு போக வேண்டியது சில சமயம் முழங்காலோடு போகிறது.

எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டு போடுகிறவர்களுக்கு ஒன்று: கட்டுக்குக் கீழே விரல் நீலமானால், மரத்தால், வலி கூடினால், அந்த நிமிஷமே கட்டை அவிழ்த்துவிட்டு ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஓடுங்கள். விடியட்டும் என்று காத்திருந்தால் கை அழுகும்.

முறையான வழியும் இருக்கிறது

சித்தத்தின் மேல் எனக்குப் பகை கிடையாது. பட்டம் பெற்ற சித்த மருத்துவர்கள் அரும்பாக்கம் அறிஞர் அண்ணா மருத்துவமனையிலும், தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் இருக்கிறார்கள். பாதுகாப்பு அமைச்சகமும் கதவைத் திறந்திருக்கிறது. 2022 மே முதல் 37 கன்டோன்மென்ட் மருத்துவமனைகளில் ஆயுர்வேத மையங்கள் வந்தன. அமெரிக்க முன்னாள் வீரர்களுக்கான மருத்துவத் துறை 2017-இல் வெளியிட்ட உத்தரவில், அக்குபங்சர், மசாஜ், யோகா, தியானம், தாய்ச்சி உட்பட எட்டு முறைகளை ஏற்றுக்கொண்டது. அந்த எட்டில் ஒன்றுகூட வயிற்றுக்குள் போகும் பொடி இல்லை என்பதைக் கவனியுங்கள். முட்டிக்கும் முதுகுக்கும் யோகா செய்யுங்கள், எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள், நானே சொல்கிறேன்.

பொடி சாப்பிட்டு வந்தவர்களுக்குச் சர்க்கரை, கிரியாட்டினின், பொட்டாசியம், கல்லீரல்: இந்த ரத்தப் பரிசோதனைகள் போதும் தொடக்கத்துக்கு.

கெஞ்சிக் கேட்கிறேன்

பொட்டலத்தில் தயாரிப்பாளர் பெயர், உரிம எண், தயாரித்த தேதி, உட்பொருள் பட்டியல் இல்லையென்றால் வாயில் போடாதீர்கள். ஏற்கெனவே சாப்பிடுகிறீர்களா? நிறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். பையோடு கொண்டுவந்து காட்டுங்கள். திட்ட மாட்டேன். அம்மாமார்களே, அவர் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். தினமும் இரவில் அவர் பாதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட.

நெஞ்சுவலி, மயக்கம், கருத்த விரல் என்றால் ரெஃபரல் வாங்க அலைய வேண்டாம். பக்கத்தில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அங்கே போய்ச் சேருங்கள். இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக்கு 48 மணி நேரத்துக்குள் தகவல் சொன்னால் போதும். கார்டின் நகலை இன்றே மனைவியின் கைபேசியிலும் பிள்ளையின் கைபேசியிலும் ஏற்றி வையுங்கள்.