தாடைக்குள் ஒரு வாய்க்கால்

மார்கழி விடியலில் பாகூர் ஏரிக்கரைமேல் நின்று வயல்வெளியைப் பார்த்திருக்கிறீர்களா? பனிமூட்டத்தில் வாய்க்காலில் ஓடும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இரு கரைகளும் கோடுகளாய்த் தெரியும். தண்ணீர் எந்த வழியே போகிறது என்று அறிய அது போதும், அல்லவா?

உங்கள் கீழ்த்தாடை எலும்பினுள்ளும் இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என இரு வாய்க்கால்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலம். அவற்றினுள் செல்லும் நரம்பே கீழ்ப்பற்களுக்கும் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருகிறது. ஞானப்பல்லைப் பிடுங்கும்போது இந்த நரம்பு அடிபட்டால் உதடு அசையும்; ஆனால் மரத்துப்போயிருக்கும். குடித்த மோர் வழிவதுகூடத் தெரியாது! பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். மிகச் சிலருக்கு ஆகாமலே போவதும் உண்டு. ஆகவே வாய்க்கால் இருக்குமிடத்தை மருத்துவர் முன்கூட்டியே அறிய வேண்டும்.

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே ஜெர்மானியரான ஆட்டோ வால்காஃப் தம் பற்களைப் படமெடுத்தார். அதற்காக 25 நிமிடம் அசையாமல் கிடந்தார்!

சாதாரண எக்ஸ் கதிர்ப் படம் ஒரு நிழலே. பல்லின் வேரும் வாய்க்காலும் அதில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், வாய்க்கால் கன்னத்துப் பக்கமா, நாக்குப் பக்கமா என்று சொல்ல இயலாது. வில்லியனூர்த் தேரை ஒரே இடத்தில் நின்று பார்ப்பவருக்கு மறுபக்கம் எப்படித் தெரியும்? சுற்றி வர வேண்டும். 1990-களில் இத்தாலியில் உருவான கூம்புக் கற்றை சி.டி. கருவி அதைத்தான் செய்கிறது. தலையைச் சுற்றி வந்து நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கிறது. கணிப்பொறி அவற்றைச் சேர்த்து முப்பரிமாண உருவம் தருகிறது.

படம் கூடினால் கதிரும் கூடுமே? உண்மைதான். இயற்கையிலிருந்தே ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மைக்ரோசீவர்ட் கதிர்வீச்சு நம்மேல் படுகிறது. தாடை முழுவதையும் காட்டும் சாதாரணப் படத்துக்குச் சுமார் 20. கூம்புக் கற்றைப் படத்துக்குச் சில பத்து முதல் சில நூறு வரை. வளரும் உடலைக் கதிர் கூடுதலாகப் பாதிக்கும். எனவே குறைத்தே ஆக வேண்டும்.

எப்படிக் குறைப்பது? அந்தப் பல் உள்ள பகுதியை மட்டும் எடுக்கலாம். முழுச் சுற்றுக்குப் பதில் அரைச் சுற்றோடு நிறுத்தலாம். கருவியின் மின்னோட்டத்தைக் குறைக்கலாம். படம் பனி மூடியதுபோல் சற்று மங்கும். மங்கினால் என்ன? எக்ஸ் கதிர்ப் படத்தில் நரம்பு தெரிவதே இல்லை; தெரிபவை அதன் எலும்புக் கரைகளே! கரை தெரிந்தால் போதும். ஆனால் கரையும் மறையும் அளவுக்குக் குறைத்துவிட்டால், பட்ட கதிர் அத்தனையும் வீண். மறுபடி எடுக்க நேரும்.

பாகூர்ப் பக்கம் பிள்ளையார்குப்பத்திலும், புதுச்சேரி கோரிமேட்டிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. எங்கே சென்றாலும், படமெடுக்கச் சொன்னால், "இந்தப் படத்தில் எதைப் பார்க்கப் போகிறீர்கள்? அதற்கு எவ்வளவு கதிர் போதும்?" என்று தயங்காமல் கேளுங்கள்.