தீடைக்குத் தெற்கே ஆழம்

இந்தியாவுடன் போர் நெருங்கிக்கொண்டிருந்த 1971 நவம்பர் 14ஆம் திகதி, பாகிஸ்தானின் ‘காசி’ நீர்மூழ்கி கராச்சியை விட்டுப் புறப்பட்டது. வங்காள விரிகுடாவில் நின்ற இந்திய விமானந்தாங்கிக் கப்பல் ‘விக்ராந்த்’தைத் தேடி மூழ்கடிப்பதே அதற்கு இடப்பட்ட வேலை. பிரான்ஸில் கட்டிய புதிய நீர்மூழ்கிகள் மூன்று கையில் இருந்தும், இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்கக் கப்பலான காசியைத்தான் பாகிஸ்தான் அனுப்பியது. அவ்வளவு தூரம் போய்த் திரும்ப அதனால் மட்டுமே முடியும். அரபிக் கடலில் இருந்து வங்கக் கடலுக்குப் போகக் குறுக்கு வழி தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே இருக்கிறது. காசி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இலங்கையின் தென்முனையைச் சுற்றிக்கொண்டுதான் வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது.

காரணம் நம்முடைய தீடைகள், அதாவது கடலுக்குள் கிடக்கும் மணல்திட்டுகள். மடு வீதியில் ரயிலேறித் தலைமன்னார் இறங்குதுறை வரை போய் நின்று பார்க்கிறவர்களுக்குக் கடல் எல்லையில்லாமல் விரிந்து கிடப்பதாகத் தோன்றும். ஆனால் பாக்கு விரிகுடாவின் சராசரி ஆழம் ஏறத்தாழ 9 மீற்றர்தான். இராமர் பாலத்துத் தீடைகளின் மேல் ஒரு மீற்றர் தண்ணீர் மட்டுமே நிற்கும் இடங்களும் உண்டு. காசி வகை நீர்மூழ்கி உடலை மறைத்துப் பெரிஸ்கோப்பை மட்டும் வெளியே நீட்டுவதற்கே ஏறத்தாழ 18 மீற்றர் தண்ணீர் வேண்டும். 2005இல் தொடங்கி இடையில் நின்றுபோன சேதுசமுத்திரத் திட்டத்தின் கால்வாய்க்குத் திட்டமிட்ட ஆழமும் 12 மீற்றர்தான். அது வெட்டி முடிக்கப்பட்டிருந்தாலும், அதன் வழியே வரும் எந்த நீர்மூழ்கியும் ஊரே பார்க்க மேலே மிதந்துதான் வந்திருக்க வேண்டும். பகை நீர்மூழ்கி ஒன்று ஒளிந்து வந்து பேசாலைக்கோ இராமேஸ்வரத்துக்கோ எதிரே எழும்புமோ என்று அஞ்சத் தேவையில்லை.

தெற்கே நிலைமை வேறு. மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி விளையும் பார்கள் கிடக்கும் ஆழமற்ற தளத்தைத் தாண்டினால் கடலடி சரேலென இறங்குகிறது. 2011இல் மன்னார்ப் படுகையில் இயற்கை எரிவாயு கண்டுபிடிக்கப்பட்ட ‘டொராடோ’ கிணறு 1,300 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழமுள்ள கடலில் தோண்டப்பட்டது. எந்தப் பெரிய நீர்மூழ்கியும் மறைந்து திரிய அங்கே இடம் தாராளம். அதற்கும் தெற்கே, உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது.

அந்தப் பாதைக்கு நீர்மூழ்கி என்ன செய்யும் என்பதை இரண்டாம் உலகப் போர் காட்டியது. 1944 பெப்ரவரி 12ஆம் திகதி, மொம்பாசாவில் இருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ‘கெடிவ் இஸ்மாயில்’ என்ற துருப்புக் கப்பலை, மாலைதீவுக்கு அருகே ஜப்பானின் ஐ-27 நீர்மூழ்கி டோர்பிடோவால் தாக்கியது. இரண்டே நிமிடத்தில் கப்பல் தாண்டது. 1,297 பேர் இறந்தார்கள். ஆபிரிக்கப் படையினரும் மருத்துவத் தாதிகளும் அவர்களில் இருந்தார்கள். காவலுக்குப் போர்க்கப்பல்கள் கூடவே வந்தும் முதல் அடியைத் தடுக்க முடியவில்லை.

ஏன் முடியவில்லை? கடலுக்குள் ஒளியும் றாடாரும் அதிக தூரம் போகாது. ஒலி மட்டுமே போகும், செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் வேகத்தில். ஆனால் அது நேர்கோட்டில் போவதில்லை. தண்ணீர் சூடாக இருந்தாலும், உப்பு கூடினாலும், ஆழம் கூடினாலும் ஒலியின் வேகம் கூடும். வேகம் குறைந்த அடுக்கை நோக்கி ஒலி வளைந்துவிடும். வெயிலில் சூடான மேல்நீருக்கும் கீழே உள்ள குளிர்நீருக்கும் இடையில் வெப்பநிலை சட்டென்று மாறும் ஓர் அடுக்கு இருக்கிறது. மேலே நிற்கும் கப்பல் நீர்மூழ்கியைத் தேடி அனுப்பும் சோனார் ஒலி அந்த அடுக்கில் கீழ்நோக்கி வளைய, அதற்கப்பால் ஒலி எட்டாத நிழற்பகுதி ஒன்று உண்டாகிறது. தேர்ந்த நீர்மூழ்கிக் கப்டன் அந்த நிழலுக்குள்தான் நிற்பான்.

1930களில் அமெரிக்கக் கடற்படைக்கு இது பெரும் புதிராக இருந்தது. காலையில் நன்றாக வேலை செய்த சோனார், வெப்பக் கடல்களில் பிற்பகலானதும் தடுமாறியது. மாலுமிகள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிவழிகிறார்கள் என்றுகூடப் பேச்சு இருந்தது. வெயில் ஏற ஏற மேல்நீர் சூடாகி ஒலியைக் கீழே வளைத்துவிடுகிறது என்பது பின்னர்தான் தெரிந்தது. ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலையைப் பதியும் கருவியை அதெல்ஸ்டன் ஸ்பில்ஹவுஸ் உருவாக்க, அது போர்க்கப்பல்களுக்கும் நீர்மூழ்கிகளுக்கும் இன்றியமையாததாயிற்று.

நம்முடைய கடலில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலானது. வாடைக் காலத்தில் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் இலங்கையைச் சுற்றி மேற்கே வருகிறது. சோளகத்தில் அரபிக் கடலின் உப்புக் கூடிய நீர் கிழக்கே போகிறது. ஆகவே கடலின் ஒலி வரைபடம் பருவத்துக்குப் பருவம் மாறும். பார்களுக்கு அருகே, கொடுக்கைச் சொடுக்கிச் சத்தமிடும் சிறு இறால்கள் சோனாரின் காதையே அடைத்துவிடுகின்றன.

காசியின் கதையில் விக்ராந்த் தப்பியது தந்திரத்தால். கிழக்குப் பிராந்தியக் கடற்படைத் தளபதி, நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், விக்ராந்தை அந்தமான் பக்கம் அனுப்பிவிட்டு, அது விசாகப்பட்டினத்தில் நிற்பதாக எதிரி நம்பும்படி வானொலிச் செய்திகளைப் பரப்பினார். டிசம்பர் 3-4 இரவில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே காசி மூழ்கியது. இந்தியாவின் ‘ராஜ்புத்’ கப்பல் வீசிய ஆழ்நீர்க் குண்டுகளா, காசியே விதைத்த கண்ணிவெடியா, உள்வெடிப்பா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஐந்து நாள் கழித்து அரபிக் கடலில் நடந்தது இதற்கு நேர்மாறு. பாகிஸ்தானின் ‘ஹங்கோர்’ நீர்மூழ்கி இந்தியாவின் ‘குக்ரி’யை மூழ்கடித்தது. கப்டன் முல்லா உட்பட 194 பேர் மாண்டார்கள். முதலில் கேட்டது ஹங்கோர். குக்ரியின் சோனாருக்கு எட்டாத தூரத்திலேயே அது குக்ரியைக் கண்டுகொண்டது.

2014 செப்டெம்பரில் சீன நீர்மூழ்கி ஒன்று கொழும்புத் துறைமுகத்தில் வந்து நின்றபோது இந்தியா பதறியது. 2017இல் அப்படியொரு கோரிக்கையை இலங்கை மறுத்தது. 2023இல் இந்தியாவின் ‘வாகிர்’ கொழும்புக்கு வந்தது. துறைமுகத்தில் கொடியேற்றி நிற்கும் நீர்மூழ்கியை எல்லோரும் பார்க்கலாம். அது அரசியல் செய்தி. என் கணிப்பில் அதைவிடப் பாரதூரமானவை ஆய்வுக் கப்பல்கள். 2023 ஒக்டோபரில் ‘ஷி யான் 6’ கொழும்புக்கு வந்து, இலங்கையின் தேசிய நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவுடன் சேர்ந்து ஆய்வு செய்தது. கடலின் வெப்பநிலை, உப்பு, நீரோட்டம், அடித்தள வடிவம் ஆகிய நான்கும் மீன்வளத்துக்கும் காலநிலைக்கும் தேவையான தரவுகள். நீர்மூழ்கி எங்கே ஒளியலாம் என்று கணக்கிடவும் அதே நான்குதான் வேண்டும். 2024 முழுவதும் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களை இலங்கை நிறுத்திவைத்ததற்குப் பின்னால் இந்த அச்சம் இருந்தது.

எதிர்க்கரையும் சும்மா இருக்கவில்லை. அரக்கோணத்தில் இருந்து பி-8ஐ விமானங்கள் பறந்து, ஒலிகேட்கும் மிதவைகளைக் கடலில் போட்டு நீர்மூழ்கி தேடுகின்றன. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள கட்டபொம்மன் கடற்படைத் தளம், மூழ்கியிருக்கும் இந்திய நீர்மூழ்கிகளுடன் பேசுவதற்கென்றே நிறுவப்பட்டது. அது அனுப்பும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை ஒன்றின் நீளமே 16 கிலோமீற்றருக்கு மேல். அதனால்தான் அது உப்புநீருக்குள் சில மீற்றராவது இறங்குகிறது.

இத்தனை பேர் அளக்கும் கடலை நாமும் அளக்க வேண்டும். கப்பல்களைத் தடுப்பது சில காலத்துக்கு உதவும், ஆனால் அறிவு தராது. எந்த நாட்டுக் கப்பல் வந்தாலும் அது எடுக்கும் மூலத் தரவு முழுவதும் நாராவின் கையில் இருக்க வேண்டும். யாழ்ப்பாணம், றுகுணு பல்கலைக்கழக மாணவர்கள் அந்தக் கப்பல்களில் ஏறவேண்டும். வங்காலையிலும் பேசாலையிலும் எந்தப் பாரில் எத்தனை பாகம் தண்ணீர், எந்த மாதத்தில் எந்த நீரோட்டம் என்று அறிந்த கடற்றொழிலாளரையும் அந்த வேலையில் சேர்க்க வேண்டும். நாராவுக்கு ஆழ்கடல் அளவீட்டுக்கான நிதியை ஒதுக்கும்படி மன்னாரின் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேளுங்கள்.