படலை இல்லாத இடத்திலும்

ஊரில் எங்கள் வளவுகளைச் சுற்றி வேலி இருந்தது. கிளுவையும் பூவரசும் கதியாலாக நட்டு, கிடுகு கட்டியிருந்தோம். அயலவர் வந்தால் படலையடியில் நின்று, "வீட்டுக்காரர்!" என்று கூப்பிடுவார். குரல் கேட்ட பிறகுதான் உள்ளே வருவார். இதை எவரும் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லவில்லை. பார்த்துப் பழகினார்கள்.

1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோதும், 2009 இல் மனிக் பாம் கூடாரங்களிலும் அந்தப் படலை இல்லாமற் போயிற்று. தரப்பாளுக்கு இப்பால் ஒரு குடும்பம், அப்பால் இன்னொரு குடும்பம். உடுப்பு மாற்றவும் மறைவில்லை. கேட்டு நுழைவதைப் பார்த்துப் பழக அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு வழியிருக்கவில்லை. அவர்களிற் பலர் இன்று தாய் தகப்பன்மார். ஆகவே இப்போது நாம் சொல்லித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பேச்சிலிருந்து தொடங்குவோம். பெரியவர்களை "வாங்கோ, இருங்கோ" என்று சொல்லப் பழக்குகிறோம். நல்லது. ஆனால் பிள்ளையை "டேய், இஞ்சை வா" என்று அதட்டுகிறோம். சின்னப் பிள்ளையையும் "வாங்கோ, சாப்பிடுங்கோ" என்று அழைக்கிற வழக்கம் எம்மவர் வீடுகளில் உண்டு. மரியாதையை வாங்கி அறிந்த பிள்ளைக்கு அதைக் கொடுப்பது கடினமல்ல.

இன்னொரு காட்சியைப் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். தூரத்திலிருந்து வந்த மாமா பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சப் போகிறார். பிள்ளை தாயின் பின்னால் ஒளிக்கிறது. "போ, மாமா கோவிப்பார்" என்று தாய் தள்ளிவிடுகிறார். நாமும் அப்படித் தள்ளிவிட்டவர்கள்தாம். மாமா நல்லவராகவே இருக்கலாம். ஆனால் "உன் உடம்பைப் பற்றி உன் விருப்பம் கணக்கில்லை" என்றல்லவா பிள்ளை விளங்கிக்கொள்ளும்? வணக்கம் சொன்னாற் காணும். அதற்காக எந்த மாமாவும் கோவிக்கக் கூடாது.

கிச்சுக்கிச்சு மூட்டி விளையாடுகையில் பிள்ளை "காணும்" என்றால் உடனே கையை எடுங்கள். அது சிரித்துக்கொண்டு சொன்னாலும் எடுங்கள். தன் சொல்லுக்குப் பெறுமதி உண்டென்று அங்கே பிள்ளை அறிகிறது. ஆண் பிள்ளைகளுக்கு இதன் மறுபக்கமும் வேண்டும். தங்கச்சி "வேண்டாம்" என்றால் அவளுடைய புத்தகப் பையைத் தொடக்கூடாது, பட்டப்பெயர் சொல்லி அழைக்கவும் கூடாது. "அவன் பெடியன்தானே" என்று விட்டுவிடுவது பெரிய பிழை.

"பெரியவர்களுக்கு மறுபேச்சுப் பேசாதே" என்று மட்டும் வளர்த்தால், தகாத முறையில் தொடும் பெரியவருக்கும் பிள்ளை பேசாமல் இருக்கும். "அம்மாவிடம் சொல்லாதே" என்று யாராவது இனிப்புத் தந்தால், அதைத்தான் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள்.

பிள்ளை சொல்லும்போது, "நீ ஏன் அங்கை போனாய்?" என்று கேளாதீர்கள். அடியாதீர்கள். முழுவதையும் கேட்டு, நம்புங்கள். மானம் போய்விடும் என்று மூடி வைத்தால், செய்தவருக்குத்தான் அது வசதி. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தொலைபேசி எடுக்கலாம். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் போகலாம்.

வீடு ஒற்றை அறைதான் என்றாலும் ஒரு பழைய சேலையைக் குறுக்கே கட்டலாம். வளர்ந்த பிள்ளை அதற்குப் பின்னால் உடுப்பு மாற்றும்போது, தகப்பனும் வெளியே நின்று "வரட்டோ?" என்று கேட்கட்டும். முதற் கிழமை பிள்ளைகள் சிரிப்பார்கள். இரண்டாம் கிழமை அவர்களும் கேட்கத் தொடங்குவார்கள்.